நூற்று எண்பத்தேழு

முந்நூற்றுப் பன்னிரண்டு வந்திருக்கின்றன,
திவாலான கம்பெனி ஒன்றின் மிச்சம்.
வாங்கப்போகிறவன் பெயரை எனக்குச் சொல்லவில்லை.
ஒன்றுக்கு ஐம்பது நிமிடம். எக்செல் தாளில் மூன்றே நிறம்:
பச்சை என்றால் இது இல்லாமல் எந்தப் போனும் பேசாது,
சிவப்பு என்றால் பேசும்,
மஞ்சள் என்றால் எனக்கு அன்றைக்குத் தலைவலி.

காரைக்குடி, செக்காலை ரோடு, ரீசார்ஜ் கடைக்கு மேல்மாடி.
இடது திரையில் தரநிலை ஆவணம், வலது திரையில் கோரிக்கை.
நடுவில் நான், சொல்லுக்குச் சொல் பொருத்தம் பார்க்கிறேன்.
பத்துக்கு ஏழு பொருந்தினால் கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம்.
இங்கே ஒன்று தவறினால்
சம்பந்தமே இல்லை.

காப்புரிமைக்கும் குடும்பம் என்றுதான் பெயர்.
மூத்தது அமெரிக்காவில், அடுத்தது கொரியாவில்,
சென்னையில் பதிவான கடைக்குட்டி
ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் செத்திருக்கிறது.
எங்களில் கோயில் வரி கட்டாத புள்ளிக்கு
ஏடு பார்த்து ஆளாவது அனுப்புவார்கள்.

நூற்று எண்பத்தேழைத் திறந்தபோது மின்விசிறி நின்றது.
கரண்ட் போனதால்தான், வேறொன்றுமில்லை.
இன்வெர்ட்டர் திரைகளை மட்டும் தாங்கியது.

இரண்டு கோபுரங்களுக்கு நடுவே
கைபேசி அங்கும் இங்கும் தாவாமலிருக்க ஒரு முறை.
படம் நான்கில் இரண்டு அறுகோணம், ஒரு கார்,
காரின் சக்கரங்கள் கொஞ்சம் கோணல்.
அந்தக் கோணல் என்னுடையது.
பெங்களூர், மாரத்தஹள்ளி, ஐந்தாவது மாடி,
வெள்ளைப் பலகையில் நான் போட்டது.

கண்டுபிடித்தவர்கள் ஆறு பேர்.
ஆறாவது: சிகபி.
ஒரு ப் குறைகிறது.

பத்திரத்தில் கையெழுத்திட்ட மதியம் ஞாபகமிருக்கிறது.
ஒரு டாலருக்கும் பிற நல்ல பிரதிபலனுக்குமாக
என் உரிமை முழுவதையும், உலகம் முழுவதற்கும்,
எழுதிக்கொடுத்தேன்.
டாலர் வரவில்லை.
பிரதிபலன், கேன்டீனில் இரண்டு சமோசா.

விதி தெளிவு: சம்பந்தப்பட்டவர் மதிப்பிடக்கூடாது.
நொய்டாவிலிருக்கும் திரிவேதிக்கு ஒரு வரி எழுதினால்
வேறு யாராவது பார்ப்பார்கள்.
ஆனால் ஐம்பது நிமிடம் என்னுடையதுதானே.
படித்தேன்.

கோரிக்கை ஒன்று: தாவுமுன்
முன்பே தீர்மானித்த நேரம் காத்திருத்தல்.
தரநிலை: தாவுமுன்
கோபுரம் சொல்லும் நேரம் காத்திருத்தல்.
அவ்வளவுதான்.

முன்பே தீர்மானித்த.
அந்தச் சொல்லை நான் போடவில்லை.
எவ்வளவு நேரம் என்று நெட்வொர்க் சொல்லட்டும் என்றேன்,
ஸ்பீக்கர் போனில், வக்கீலிடம்.
யாரோ இருமினார்கள். வக்கீல் பக்கத்தைத் திருப்பினார்.
அந்த இருமலுக்கு இன்றைய விலை
உத்தேசமாகப் பதினெட்டுக் கோடி.

சிவப்பு.
வாதாடவும் வழி இருக்கிறது:
முன்பே தீர்மானித்ததைத்தானே கோபுரம் சொல்கிறது?
போன வாரம் ஊரார் பிள்ளை ஒன்றுக்கு
இதையே எழுதி
மஞ்சள் பூசியிருக்கிறேன்.

கீழே ஜாபர் யாரிடமோ சொல்வது கேட்கிறது:
"ரோட்டைத் தாண்டி நின்னு பேசுங்கண்ணே,
இந்தப் பக்கம் ரெண்டு டவரும் இழுக்கும்."

என் போன் மேசையில் கிடக்கிறது.
கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கோபுரம், கழனிவாசல் பக்கம் ஒன்று,
இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலம்.
தாவவில்லை.
எவரோ எங்கோ இட்ட எண்ணுக்கு, நூற்று அறுபது மில்லிசெகண்ட்,
கட்டுப்பட்டுக் காத்திருந்து
பிறகு இன்னொரு நூற்று அறுபது.

திரிவேதிக்கு எழுதினேன்:
நூற்று எண்பத்தேழை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள்.
காரணம் கேட்டார்.
கண்டுபிடித்தவர்களில் நான் ஒருத்தி என்றேன்.
பார்த்துவிட்டு வந்து சொன்னார்,
உங்கள் பெயர் இல்லையே.

ஒரு ப் சேர்த்துப் படியுங்கள் என்று தட்டினேன்.
அனுப்பும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
வியர்வையைத் துடைத்துக்கொண்டு
நூற்று எண்பத்தெட்டைத் திறந்தேன்.